ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்குத் தேர்வு வசதி: கேட்டுப் பெறும் வழி

விழுப்புரம் பக்கம் தமிழ்வழியில் ஏழாம் வகுப்பு வரை படித்த ஒரு மாணவி, அப்பாவின் வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்து எட்டாம் வகுப்பில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் சுற்றளவு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மாநிலக் கணிதத் தேர்வில் அந்தக் கணக்கு நேராக வந்து நிற்பதில்லை. வட்ட வடிவ நீச்சல்குளம், அதைச் சுற்றி யார்டு கணக்கில் வேலி, ஓர் அடி வேலிக்கு இத்தனை டாலர் இத்தனை சென்ட் என்று ஐந்து வரிக் கதையாக வருகிறது. நடுவே ‘குறைந்தபட்சம்’, ‘தவிர’ என்று பொருளையே திருப்பிப் போடும் ஆங்கிலச் சொற்கள் வேறு. கணக்கு தெரிந்த பிள்ளை கணக்குத் தேர்வில் தோற்கிறாள்.

அந்தத் தேர்வு அளந்தது அவளுடைய ஆங்கிலத்தை. மதிப்பெண் பட்டியலில் ஏறியதோ ‘கணிதத்தில் பின்தங்கியவர்’ என்ற முத்திரை. அடுத்த ஆண்டு எந்தக் கணிதப் பிரிவில் உட்கார வைப்பது என்று முடிவு செய்யும்போது இந்த முத்திரை அவளுக்கு எதிராகப் பேசக்கூடும்.

இதைத் தடுக்கத்தான் தேர்வு வசதிகள் இருக்கின்றன. பள்ளியில் ‘டெஸ்டிங் அகாமடேஷன்’ என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். கூடுதல் நேரம், இருமொழி அகராதி, கணக்கு வினாவை உரக்க வாசித்துக் காட்டுதல், தனி அறை போன்றவை இதில் அடங்கும். கேட்காமலேயே பள்ளி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று காத்திருப்பது ஆபத்து. பெற்றோர் ஆகஸ்டிலிருந்தே பின்தொடர்ந்தால்தான் வசந்த காலத் தேர்வில் பிள்ளைக்கு முழுப் பலன் கிடைக்கும்.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது

இரண்டு செய்திகள் தெரிந்தால் போதும். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன மாணவர்களை எந்த உதவியும் இல்லாமல் ஆங்கில வகுப்பில் உட்கார வைத்ததை எதிர்த்து நடந்த ‘லாவ் எதிர் நிக்கல்ஸ்’ வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பது மட்டுமே சமநீதி ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் ‘எவ்ரி ஸ்டூடண்ட் சக்ஸீட்ஸ்’ சட்டம். மூன்று முதல் எட்டு வரை ஒவ்வொரு வகுப்பிலும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும், மாநிலங்கள் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்த வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். ஆங்கிலம் கற்கும் மாணவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். அவர்களுக்குத் தகுந்த வசதிகளைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. எந்தெந்த வசதி என்பதை மட்டும் ஒவ்வொரு மாநிலமும் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே டெக்சாஸில் இருக்கும் அத்தை சொன்னதை வைத்துக் கலிபோர்னியாவில் கேட்டால் கிடைக்காமல் போகலாம். உங்கள் மாநிலக் கல்வித்துறையின் இணையதளத்தில் உள்ள இந்த ஆண்டுக்கான கையேடுதான் செல்லும்.

முதல் கதவு: வீட்டு மொழிப் படிவம்

பள்ளியில் சேர்க்கும் நாளில் தரும் காகிதக் கட்டில் ஒற்றைப் பக்கப் படிவம் ஒன்று இருக்கும். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று கேட்கும். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘தமிழ் என்று எழுதினால் பிள்ளையைக் கீழ் வகுப்பில் போட்டுவிடுவார்கள்’ என்ற அச்சத்தில் எல்லா இடத்திலும் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதோடு அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. மொழித் தகுதித் தேர்வு இல்லை. ஆங்கிலம் கற்கும் மாணவர் என்ற பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் மாநிலத் தேர்வில் வசதியும் இல்லை.

தமிழ் என்று எழுதியதாலேயே பிள்ளை ஆங்கிலம் தெரியாதவர் என்று ஆகிவிடாது. அதன்பின் ஒரு சிறிய தகுதித் தேர்வு வைப்பார்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கையும் பார்ப்பார்கள். சென்னையில் ஆங்கிலவழியில் நன்றாகப் படித்த பிள்ளை அதில் எளிதாகத் தேறிவிடும். விஷயம் அங்கேயே முடிந்தது. தேறாத பிள்ளைக்குத்தான் உதவி தொடங்குகிறது.

செய்ய வேண்டியவை வரிசையாக:

1. படிவத்தில் உண்மையை எழுதுங்கள். வீட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் இரண்டையும் குறிப்பிடுங்கள்.

2. நிரப்பிய படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. மொழித் திட்டத்தில் பிள்ளையைச் சேர்த்தால், கல்வியாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் பள்ளி உங்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்களுக்கு அது இரண்டு வாரம். கடிதம் வரவில்லையென்றால் அலுவலகத்தில் கேளுங்கள்.

4. அந்தக் கடிதத்தில் பிள்ளையின் ஆங்கில நிலை குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். பின்னால் எந்த வசதி பொருந்தும் என்று பேசும்போது அதுவே அடிப்படை.

கவனம்: மொழித் திட்டம் வேண்டாம் என்று மறுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. மறுத்தாலும் பிள்ளையின் பதிவு மாறாது; ஆண்டுதோறும் ஆங்கிலத் திறன் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் சில மாநிலங்களில், மறுத்த பிள்ளைக்கு மாநிலத் தேர்வு வசதிக்கான தகுதி போய்விடலாம். கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

குடியேற்ற நிலை பற்றிய பயம் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி: குடியேற்ற நிலை எதுவானாலும் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இலவசக் கல்வியை மறுக்கக் கூடாது என்று 1982இல் ‘பிளைலர் எதிர் டோ’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தேர்வு வசதி கேட்பதற்கு விசாவைக் காட்ட வேண்டியதில்லை.

எந்த வசதி எந்தப் பிள்ளைக்கு

கிடைக்கும் வசதிகளையெல்லாம் மொத்தமாக வாங்கிப் போட்டால் பிள்ளைக்கு நல்லது என்று தோன்றும். அப்படி இல்லை. பொருந்தாத வசதி நேரத்தைத் தின்னும். சில சமயம் மதிப்பெண்ணையும் குறைக்கும். இந்த இயலில் ஒரு பகுதியை மட்டும்தான் நிதானமாகப் படிக்க முடியும் என்றால், இந்தப் பகுதியைப் படியுங்கள்.

தமிழில் நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை. தமிழ்வழியில் ஐந்தாறு ஆண்டு படித்தவர்கள் இந்த வகை. பின்னம், விகிதம், நாற்கரம், ஒளிச்சேர்க்கை எல்லாம் தமிழில் மனத்தில் இருக்கின்றன. ஆங்கிலப் பெயர் மட்டும்தான் தெரியாது. இவர்களுக்கு இருமொழி அகராதியும் கூடுதல் நேரமும் சேர்ந்தே வேண்டும். அகராதியைப் புரட்ட நேரம் பிடிக்கும். நேரம் தராமல் அகராதியை மட்டும் கொடுத்தால் முன்னே இருந்ததைவிட நிலைமை மோசமாகும்.

தமிழ் பேசும், ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை. துபாயிலோ சிங்கப்பூரிலோ சில ஆண்டு இருந்துவிட்டு வந்த குடும்பங்களிலும், சிறு வயதிலேயே அமெரிக்கா வந்தவர்களிடமும் இது சாதாரணம். இவர்கள் மேசையில் தமிழ் அகராதியை வைப்பதால் ஒரு பயனும் இல்லை. கணக்கு, அறிவியல் வினாக்களை ஆங்கிலத்தில் உரக்க வாசித்துக் காட்டுவதும், கணினித் தேர்வில் ஆங்கிலச் சொல்லுக்கு எளிய ஆங்கில விளக்கம் தரும் சொற்பட்டியலும் உதவும்.

ஆங்கிலம் ஓரளவு வாசிப்பார், ஆனால் மெதுவாக வாசிப்பார் என்ற பிள்ளை. மாவட்டத் தலைநகரங்களின் ஆங்கிலவழிப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களில் பலர் இந்த இடத்தில் நிற்கிறார்கள். இலக்கணம் தெரியும், நீண்ட பத்தியைப் பிடிக்கும் வேகம் இல்லை. கூடுதல் நேரமும் சந்தடியற்ற சிறு அறையும் இவர்களுக்குப் போதும்.

வந்து ஓராண்டுகூட ஆகாத பிள்ளை. அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்து 12 மாதம் ஆகாதவர்களுக்கு ஒரு முறை மட்டும் வாசிப்புத் தேர்விலிருந்து விலக்குத் தர மாநிலத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. கணிதத் தேர்வை அவர்களும் எழுத வேண்டும். எனவே முதல் ஆண்டில் முழுக் கவனமும் கணிதத் தேர்வின் வசதிகள் மீதே இருக்கட்டும்.

ஆய்வுகளும் இந்தப் பொருத்தத்தையே வலியுறுத்துகின்றன. கீஃபர், லெசோ, ரிவேரா, ஃபிரான்சிஸ் ஆகியோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், ஆங்கில அகராதி அல்லது சொற்பட்டியல் ஒன்றுதான் தெளிவான பலன் காட்டியது. அந்தப் பலனும் சிறியதே. தேர்வு வசதி மந்திரக்கோல் அல்ல. நல்ல மொழிப் பயிற்சிக்கு ஈடாக அதை நினைக்கவே கூடாது.

தமிழில் அச்சிட்ட மாநிலத் தேர்வுத்தாளை எதிர்பார்க்க வேண்டாம். ஸ்பானிய மொழியில் பல மாநிலங்கள் தருகின்றன. தமிழ் பேசும் மாணவர் எண்ணிக்கை அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அதற்கு மாற்று வழி உண்டு. மொழிபெயர்த்த தாள் இல்லாத மொழிகளுக்கு நியூயார்க் மாநிலம் வாய்மொழி மொழிபெயர்ப்பை அனுமதிக்கிறது. ஆங்கிலத் தேர்வு தவிர மற்றவற்றில், வினாவை ஒருவர் அப்படியே தமிழில் சொல்லலாம். விளக்கம் தரக் கூடாது. எழுதியும் தரக் கூடாது. மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடிக்கப் பள்ளிக்கு மாதக்கணக்கில் அவகாசம் தேவைப்படும் என்பதால், இந்த வசதி வேண்டுவோர் இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

எங்கே எந்த வசதி செல்லாது

வாசிப்புத் தேர்வு அளப்பது வாசிப்பை. பத்தியை வேறொருவர் வாசித்துக் காட்டினால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் கணக்கில் கிடைக்கும் ‘வாசித்துக் காட்டுதல்’ வாசிப்புப் பத்திகளுக்குப் பொதுவாகக் கிடைக்காது.

ஆண்டுதோறும் நடக்கும் ஆங்கிலத் திறன் தேர்வும் இப்படித்தான். பல மாநிலங்களில் ‘விடா’ அமைப்பின் ‘ஆக்சஸ்’ தேர்வு, கலிபோர்னியாவில் ‘எல்பேக்’, டெக்சாஸில் ‘டெல்பாஸ்’, நியூயார்க்கில் ‘நிசெஸ்லாட்’. ஆங்கிலம் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பதே இவற்றின் வேலை என்பதால் இருமொழி அகராதிக்கும் மொழிபெயர்ப்புக்கும் இடமில்லை. ‘மகளுக்கு அகராதி எழுதிக் கொடுத்தீர்களே, ஏன் தரவில்லை’ என்று பெற்றோர் பள்ளியில் சண்டை போடுவது பெரும்பாலும் மாநிலப் பாடத் தேர்வையும் இந்த ஆங்கிலத் திறன் தேர்வையும் குழப்பிக்கொள்வதால்தான்.

ஆண்டு முழுதும் செய்ய வேண்டிய வரிசை

1. செப்டம்பர்: பள்ளியில் ஆங்கிலம் கற்பவர்களுக்கு யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் ஈஎஸ்எல் ஆசிரியர். நியூயார்க்கில் ஈஎன்எல் ஆசிரியர். டெக்சாஸில் இதற்கென்றே ‘எல்பேக்’ என்று அழைக்கப்படும் குழு உண்டு. கலிபோர்னியாவின் தேர்வுப் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெற்றோர் ஒருவரும் அந்தக் குழுவில் உறுப்பினராக இருப்பார்.

2. அக்டோபர்: மின்னஞ்சல் எழுதிச் சந்திப்பு கேளுங்கள். மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். பிள்ளையின் பெயரும் வகுப்பும், ஆங்கிலம் கற்கும் மாணவராகப் பதிவான விவரம், முன்பு எந்த மொழியில் எத்தனை ஆண்டு படித்தார் என்பது, இந்த ஆண்டு மாநிலத் தேர்வுக்கான வசதிகள் பற்றிப் பேச விரும்புகிறீர்கள் என்பது — இந்த நான்கும் இருந்தால் போதும். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இல்லை. எழுதியதற்கு உண்டு.

3. சந்திப்பில் கேட்க வேண்டியவை: வகுப்பில் இப்போது என்னென்ன உதவி தருகிறீர்கள்? அவற்றில் எவை மாநிலத் தேர்விலும் செல்லும்? அந்த முடிவை யார், எந்தத் தேதிக்குள் எடுப்பார்கள்? எழுத்தில் எப்போது கிடைக்கும்? பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் குறையைத் தானே பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

4. நவம்பர்: ஒப்புக்கொண்ட வசதிகளின் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். பாடவாரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ‘தேவையான உதவிகள் தரப்படும்’ என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள்.

5. டிசம்பர் முதல் மார்ச் வரை: அதே வசதிகளோடு வகுப்புத் தேர்வுகளை எழுதுகிறாரா என்று வாரந்தோறும் பிள்ளையிடம் விசாரியுங்கள்.

6. தேர்வுக்கு ஒரு மாதம் முன்: கணினித் தேர்வில் சொற்பட்டியல், ஒலி வாசிப்பு போன்றவற்றை மாணவரின் கணக்கில் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். ‘மகனுடைய பெயரில் எல்லாம் பதிவாகிவிட்டதா’ என்று இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். காகிதத்தில் இருந்த வசதி தேர்வுத் திரையில் காணாமல் போவது இந்தக் கட்டத்தில்தான்.

அகராதி: எது செல்லும், எது செல்லாது

ஊரிலிருந்து வரும்போது பலர் லிஃப்கோ அகராதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். படிப்பதற்கு அருமையான புத்தகம். தேர்வு அறைக்கு அது உதவாது. ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதியில் ஆங்கில விளக்கமும் இருக்கிறது. தேர்வில் அனுமதிப்பது சொல்லுக்குச் சொல் அகராதியை மட்டுமே: இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ்ச் சொல், வேறொன்றும் இல்லை. விளக்கம், படம், எடுத்துக்காட்டு வாக்கியம் இருந்தால் கண்காணிப்பாளர் எடுத்து வைத்துவிடுவார். முக்கோணத்துக்கு ‘மூன்று பக்கங்கள் கொண்ட உருவம்’ என்று அகராதியே சொல்லிவிட்டால் வினாவின் விடை அங்கேயே கிடைத்துவிடுமே என்பது காரணம்.

கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலி எங்கும் செல்லாது. இணையம் இல்லாத மின் அகராதியும் பல இடங்களில் செல்லாது.

அகராதி ஏற்பாடு செய்யும் முறை:

1. தமிழ்–ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் அகராதிகள் அச்சில் விற்கின்றன. வாங்கும் முன், எந்தப் பதிப்பை மாநிலம் ஏற்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் ஏற்கப்பட்ட அகராதிகளின் பட்டியலையே வெளியிடுகின்றன.

2. முதலில் பள்ளியையே வாங்கித் தரச் சொல்லுங்கள். தேர்வு வசதிக்கான செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டுவது முறையல்ல.

3. அதில் பேனாவால் ஒரு குறிப்பும் எழுதாதீர்கள். பெயர்கூட வேண்டாம். எழுத்து இருக்கும் அகராதியைச் சோதனையில் நீக்கிவிடுவார்கள்.

4. பிள்ளை அகர வரிசையில் ஒரு சொல்லை எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறார் என்று வீட்டில் பாருங்கள். எப்போதும் திரையிலேயே தேடிப் பழகிய பிள்ளைக்கு ஆங்கில எழுத்து வரிசையில் அச்சு அகராதியைப் புரட்டுவது புதிய வித்தை.

வீட்டில் படிப்பதற்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி என்று இரண்டிலும் வருகின்றன. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாடமும் படமும் ஒன்றே. எட்டாம் வகுப்புக் கணித நூலின் இரு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நோட்டில் இரண்டு பத்தியாகச் சொற்களை எழுதச் செய்யுங்கள். தமிழ்வழிக் கணித நூல்களின் இறுதியில் வரும் கலைச்சொல் பட்டியல் தொடக்கத்துக்கு நல்ல கைகொடுக்கும். இந்த நோட்டைத் தேர்வு அறைக்குக் கொண்டுபோக முடியாது. கையால் எழுதிய சொல் மனத்தோடு வந்துவிடும்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களை அமெரிக்காவுக்கே உரிய விஷயங்களுக்கு ஒதுக்குங்கள். அங்குலம், அடி, யார்டு, பவுண்டு, அவுன்ஸ், காலன், ஃபாரன்ஹீட். நிக்கல் என்றால் ஐந்து சென்ட், டைம் பத்து, குவார்ட்டர் இருபத்தைந்து. தேதியில் மாதம் முன்னால் வரும். ஒரு லட்சத்தை 100,000 என்று எழுதுவார்கள். காற்புள்ளி நாம் போடும் இடத்தில் இருக்காது. எந்த அகராதியும் இவற்றைச் சொல்லித் தராது. கணக்குத் தெரிந்த பிள்ளை தவறும் இடங்களில் பாதி இவைதான்.

ஒத்திகை இல்லாமல் மேடை ஏறக் கூடாது

வகுப்பில் ஒரு முறையும் பயன்படுத்தாத வசதியைத் தேர்வு நாளில் முதன்முதலாகக் கொடுத்தால் பிள்ளை தடுமாறும். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கணினிக் குரலைக் கேட்பதற்கும் பழக்கம் வேண்டும். குரல் முடிவதற்குள் பதிலை அழுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. பெரும்பாலான மாநிலங்கள் மாதிரித் தேர்வுகளை இணையத்தில் திறந்தே வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவின் மாதிரித் தேர்வை விருந்தினராக நுழைந்து எவரும் எழுதிப் பார்க்கலாம்.

வீட்டு ஒத்திகையை இப்படிச் செய்யலாம்:

1. முதல் முறை வசதி எதுவும் இல்லாமல் பத்து வினா. நேரத்தைக் குறியுங்கள்.

2. அடுத்த வாரம் அதே கடினத்தில் வேறு பத்து வினா, இந்த முறை வசதிகளோடு.

3. இரண்டையும் ஒப்பிடுங்கள். வசதியோடு செய்ததில் முன்னேற்றம் இல்லையென்றால் அந்த வசதி இந்தப் பிள்ளைக்கு ஏற்றதில்லை. ஆசிரியரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

4. பிள்ளையின் கருத்தைக் கேளுங்கள். தனி அறையில் உட்காரப் பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர் கூச்சப்படுகிறார்கள். நண்பர்கள் பார்ப்பார்களே என்று நினைத்துக் கூடுதல் நேரம் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். அந்தக் கூச்சத்தைத் தேர்வுக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும்.

குறிப்பு: இழுத்துப் பொருத்துவது, வரைபடத்தில் புள்ளி வைப்பது, பெட்டியில் சமன்பாட்டைத் தட்டச்சு செய்வது போன்ற வினா வகைகள் ஊரில் பழக்கமில்லாதவை. மாதிரித் தேர்வில் இவற்றுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

மொழித் தடையையும் கற்றல் குறைபாட்டையும் ஒன்றாக நினைப்பது முதல் தவறு. ஆங்கிலம் புதிது என்பது குறைபாடு அல்ல. அதற்கான வசதி ஒரு வழி. குறைபாடு உள்ளவர்களுக்கான 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவிலும் சிறப்புக் கல்வித் திட்டத்திலும் வரும் வசதி வேறு வழி. ‘504 போட்டுவிட்டால் நேரம் கிடைக்கும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டு, தேவையில்லாத பிள்ளைக்கு அந்தப் பதிவைத் தேடாதீர்கள். மறுபக்கமும் உண்டு: தமிழிலும் வாசிக்கத் திணறிய பிள்ளைக்கு உண்மையிலேயே வேறு சிக்கல் இருக்கலாம். அப்போது ‘ஆங்கிலம் வந்தால் சரியாகிவிடும்’ என்று பள்ளி தள்ளிப்போட்டால் விடாதீர்கள். இரண்டு தேவையும் உள்ள பிள்ளைக்கு இரண்டு வகை வசதியும் கிடைக்கும்.

அடுத்தது, பேச்சைப் பார்த்து ஏமாறுவது. விளையாட்டு மைதானத்தில் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு இனி உதவி தேவையில்லை என்று பெற்றோரும் ஆசிரியரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பேச்சு ஆங்கிலம் ஓரிரு ஆண்டில் வந்துவிடும். பாடநூல் ஆங்கிலத்துக்கு அதைவிடப் பல ஆண்டு கூடுதலாகத் தேவைப்படுவது இயல்பு.

இன்னொன்று, ஒரு முறை வாங்கினால் எப்போதும் உண்டு என்று இருந்துவிடுவது. வகுப்பு மாறினால், பள்ளி மாறினால், மாநிலம் மாறினால் மீண்டும் கேட்க வேண்டும். ஆங்கிலத் திறன் தேர்வில் தேறிப் பதிவு நீங்கிய பிறகும் சில மாநிலங்களில் வசதி தொடரும். நியூயார்க்கில் தேறியபின் இரண்டு ஆண்டு வரை தரலாம். இது தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம்.

தேர்வு நாள்

1. அகராதியை முந்தின நாளே பள்ளியில் ஒப்படையுங்கள், அல்லது பையில் மேலாக வையுங்கள்.

2. கைப்பேசி, ஸ்மார்ட் கைக்கடிகாரம் வீட்டிலேயே இருக்கட்டும். தேர்வு அறையில் அவை கண்ணில் பட்டாலே தாள் செல்லாமல் போகக்கூடும்.

3. கூடுதல் நேரம் இருப்பதால் மதிய உணவு தள்ளிப்போகலாம். காலைச் சாப்பாடு வயிறு நிறைய இருக்கட்டும்.

4. எழுதிக் கொடுத்த வசதி கிடைக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒற்றை ஆங்கில வாக்கியத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். தேர்வைத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும்.

5. மாலையில் வினாக்களை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அவற்றை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. தேர்வு வினாவை வெளியே பகிர்வது விதிமீறல். எந்தெந்த வசதி கிடைத்தது என்று மட்டும் கேட்டு, தேதியோடு குறித்து வையுங்கள்.

பள்ளி மறுத்தால்

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும். மறுப்பை எழுத வேண்டும் என்றதும் விதியைப் புரட்டிப் பார்ப்பார்கள். பிறகு தலைமை ஆசிரியர், அதன்பின் பள்ளி மாவட்டத்தில் ஆங்கிலம் கற்போருக்கான பொறுப்பாளர், அடுத்து மாநிலக் கல்வித்துறை. மொழியின் காரணமாகப் பாகுபாடு நடந்ததாகத் தெளிவாகத் தெரிந்தால் கூட்டாட்சிக் கல்வித்துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் செய்யலாம். சம்பவம் நடந்த 180 நாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். தேர்வு முடிந்து மதிப்பெண் வரும் வரை காத்திருந்தால் அந்தக் கெடுவின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

எந்தக் கட்டத்திலும் குரலை உயர்த்த வேண்டாம். ஈஎஸ்எல் ஆசிரியர்தான் பள்ளிக்குள் உங்கள் பிள்ளைக்காகப் பேசக்கூடிய முதல் ஆள். அவரைப் பகைத்துக்கொண்டால் இழப்பு பிள்ளைக்கே.

கல்லூரி நுழைவுத் தேர்வுகள்

எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு 2017 முதல் ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு வசதி தந்துவருகிறது: ஒன்றரை மடங்கு நேரம், ஏற்கப்பட்ட சொல்லுக்குச் சொல் அகராதி, சில மொழிகளில் தேர்வு அறிவுரைகள். இன்றைய கணினி எஸ்ஏடி தேர்வு 2 மணி 14 நிமிடம். ஒன்றரை மடங்கு என்றால் 3 மணி 21 நிமிடம். ஆங்கிலம் கற்போருக்கான இந்த வசதிகள் வேலைநாளில் பள்ளியிலேயே நடக்கும் எஸ்ஏடிக்கு உரியவை. சனிக்கிழமை மையங்களில் எழுதும் தேர்வுக்கும் அவை தாமாக வந்துவிடும் என்று எண்ணிப் பணம் கட்டிவிடாதீர்கள். ஏசிடி தேர்விலும் 2017 இலையுதிர் காலத்திலிருந்து இதே போன்ற வசதிகள் உண்டு. இரண்டிலும் மாணவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த வசதிகளோடு பெற்ற மதிப்பெண்ணைக் கல்லூரிகளுக்கு அனுப்பலாம். பதினோராம் வகுப்பின் முதல் மாதத்திலேயே பள்ளி ஆலோசகரைப் பார்த்து, எந்தத் தேர்வை எந்த நாளில் எழுதுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.